சூப்பர் ஹீரோ படம் ஓடுகிறது, புத்தகம் ஏன் ஓடவில்லை?

ஸ்பைடர்மேன், பேட்மேன் படங்களுக்கு முதல் நாள் டிக்கெட் கிடைப்பதே பாடாக இருக்கிறது. ஆனால் அந்தக் காமிக்ஸ் புத்தகங்கள் அமெரிக்காவிலேயே விற்பதில்லை என்கிறார்களே, டிவியும் வீடியோ கேமும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் சித்தப்பா 90களில் நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்த ஒரு பெட்டி காமிக்ஸ் பரணில் கிடக்கிறது, அதில் சூப்பர்மேன் செத்துப்போகும் இதழ் கறுப்பு உறை பிரிக்காமலே இருக்கிறது, விலை போகுமா என்று. பார்க்க இரண்டு கேள்வி, உண்மையில் ஒன்றுதான். அந்தப் பெட்டிக்கு ஏன் விலை இல்லை என்று விளங்கிவிட்டால் அந்தத் தொழில் ஏன் சுருங்கியது என்பதில் பாதி விளங்கிவிடும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓவியனும் இல்லை, கதாசிரியனும் இல்லை. ஒரு வார இதழின் சர்குலேஷன் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். பார்சல், ஏஜென்ட் பாக்கி, அன்சோல்ட் கணக்கு, இவைதான் என் தொழில். காமிக்ஸ் சேர்ப்பது பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் இந்தப் பதில் பெரும்பாலும் புத்தகம் கடைக்குப் போய்ச் சேர்ந்த வழியைப் பற்றித்தான் இருக்கும். ஓவியர்களில் கிர்பி பெரியவரா டிட்கோ பெரியவரா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை.

நம் வாசகர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு, அதையும் தீர்த்துவிடலாம். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து நாம் படித்த இரும்புக்கை மாயாவி இங்கிலாந்துச் சரக்கு. வேதாளரும் மாண்ட்ரேக்கும் அமெரிக்கர்கள்தான், ஆனால் அவர்கள் செய்தித்தாளில் தினம் ஒரு துண்டாக வந்தவர்கள். அங்கே ‘காமிக் புக்’ என்றால் அது வேறு பண்டம்: மாதாமாதம் வரும், பின் அடித்த, மெல்லிய வண்ண இதழ். விழுந்தது அந்த இதழ்.

அது பிறந்ததே அச்சகத்தின் ஓய்வு நேரத்தில். கனெக்டிகட் மாநிலத்தில் ஈஸ்டர்ன் கலர் என்ற அச்சகம் ஞாயிறு செய்தித்தாள்களின் வண்ணச் சித்திரப் பக்கங்களை அடித்துக்கொண்டிருந்தது. மற்ற நேரத்தில் இயந்திரம் சும்மா நிற்கக்கூடாது என்று, அதே பக்கங்களைச் சுருக்கி மடித்துப் புத்தகமாக்கி 1933-ல் சோப்புக் கம்பெனியான புராக்டர் அண்ட் கேம்பிளுக்கு இலவசப் பொருளாக விற்றார்கள். அந்தப் புத்தகங்கள் சிலவற்றில் மேக்ஸ் கெய்ன்ஸ் என்ற விற்பனையாளர் ‘10 சென்ட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிப் பத்திரிகைக் கடையில் வைத்தாராம், ஒரே வார இறுதியில் தீர்ந்துவிட்டதாம். இந்த ஸ்டிக்கர் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். காகித ஆதாரம் பார்த்ததாக யாரும் சொல்வதில்லை, ஆகவே ‘ஆம்’ போட்டே சொல்கிறேன். உறுதியான செய்தி, 1934-ல் ‘ஃபேமஸ் ஃபன்னீஸ்’ பத்து சென்ட் விலையில் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டே மால்கம் வீலர் நிக்கல்சன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, பழைய பக்கங்களை மறுபடி அச்சிடாமல் புதுக் கதைகளைப் போட ஆரம்பித்தார். பிறகு டிசி என்று பெயர் பெற்ற கம்பெனிக்கு வேர் அவர்தான். ஆனால் சில வருடங்களில் கடனில் அது அவர் கையை விட்டுப் போனது.

1938-ல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் வந்தான், அதை வெளியிட்டதும் அந்தக் கம்பெனிதான். கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் அவனுடைய முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகையும் அடங்கிய 412 டாலர் காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்தது. வெறும் காசோலைத் தாள், 1,60,000 டாலருக்குப் போனது. சீகலும் ஷுஸ்டரும் வறுமையில் இருப்பது 1975-ல் பத்திரிகைகளில் வெளியான பிறகுதான் கம்பெனி அவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், கதையில் பெயரும் கொடுத்தது. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. உரிமை முழுவதும் கம்பெனிக்கு என்ற இந்த முறைக்குப் பின்னாளில் வேறு விளைவு இருக்கிறது, வருகிறேன்.

இப்போது அந்தப் பத்து சென்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1938-ல் ‘லைஃப்’ வார இதழும் பத்து சென்ட், காமிக்ஸும் பத்து சென்ட். 50களின் தொடக்கத்தில் லைஃப் இருபது சென்ட் ஆகிவிட்டது. காமிக்ஸ் அதே பத்து. வாங்குவது சிறுவர்கள், விலையைத் தொட்டால் ஓடிவிடுவார்கள் என்ற பயம். விலையை ஏற்றுவதற்குப் பதில் பக்கத்தைக் குறைத்தார்கள்: 64 பக்கம் 52 ஆகி, பிறகு 32 ஆனது. 1961 முடியும் வரை பெரும்பாலான இதழ்கள் பத்து சென்டுதான். வாசகனுக்கு இது சலுகை. கடைக்காரருக்கு? ஒரு காமிக்ஸ் விற்றால் இரண்டு மூன்று சென்ட் நிற்கும், அதே இடத்தில் ஒரு லைஃப் வைத்தால் இரட்டிப்பு. பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும், கடையில் தொங்கவிடும் கயிற்றின் நீளம்தான் மூலதனம். குறைந்த விலைப் புத்தகம் அந்தக் கயிற்றின் ஓரத்துக்குப் போகும், பிறகு கட்டுக்கூடப் பிரிக்காமல் அன்சோல்டாகத் திரும்பும். டிவி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே இந்த நோய் ஒட்டிவிட்டது என்பது என் கணிப்பு.

1953-ல் அமெரிக்காவில் மாதம் ஆறு கோடிக்கு மேல் காமிக்ஸ் இதழ்கள் புழங்கின என்பது அன்றைய மதிப்பீடு. அதில் சூப்பர் ஹீரோ ஒரு மூலைதான். வாத்து, எலி, காதல், கொலை, பேய், கௌபாய் எல்லாம் இருந்தன. டெல் கம்பெனியின் டிஸ்னி இதழ் ஒன்று மட்டுமே மாதம் முப்பது லட்சத்தைத் தொட்டது. தாத்தா காலத்துக் காமிக்ஸ் என்றாலே முகமூடி மனிதர்கள் என்று இன்றைக்கு நினைக்கிறோம். அது படங்கள் ஏற்படுத்திய தோற்றம்.

அடுத்த ஆண்டு நடந்ததை எல்லாக் கட்டுரைகளும் சொல்லும். ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று புத்தகம் எழுதினார். 1954 ஏப்ரலில் செனட் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை வைத்தது. மேக்ஸ் கெய்ன்ஸின் மகன் பில் கெய்ன்ஸ் சாட்சி சொல்ல வந்தார். திகில் கதைகளுக்குப் பேர்போன ஈசி காமிக்ஸ் அவருடையது. வெட்டப்பட்ட பெண் தலையைக் கையில் பிடித்திருக்கும் அட்டைப்படத்தைக் காட்டி, இது ரசனையா என்று செனட்டர் கெஃபாவர் கேட்க, திகில் புத்தகத்துக்கு இது தகும், இன்னும் தூக்கிப் பிடித்து ரத்தம் சொட்டினால்தான் தகாது என்கிற விதமாக கெய்ன்ஸ் பதில் சொல்லி மாட்டிக்கொண்டார். பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தாங்களே சங்கம் வைத்து ஒரு தணிக்கைக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்களே கூடாது. அட்டை மூலையில் முத்திரை இல்லாத இதழை மொத்த விநியோகஸ்தர்கள் தொட மறுத்தார்கள். கெய்ன்ஸ் எல்லாவற்றையும் மூடிவிட்டு ‘மேட்’ என்ற நையாண்டி இதழ் ஒன்றை மட்டும் பெரிய அளவுப் பத்திரிகையாக மாற்றிப் பிழைத்தார்.

வெர்தாம்தான் கொன்றார் என்பது வழக்கமான தீர்ப்பு. அவருடைய ஆதாரங்கள் கோணலானவை என்பதில் இப்போது சந்தேகமில்லை: அவருடைய காகிதங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 2010-ல் திறக்கப்பட்ட பிறகு கேரல் டில்லி என்ற ஆய்வாளர் அவற்றைப் பார்த்து, சிறுவர்கள் சொன்னதை அவர் திரித்தும் கலந்தும் எழுதியிருப்பதைக் காட்டிவிட்டார். ஆனால் சரிவுக்கு அவர் பங்கு எவ்வளவு என்பது வேறு கணக்கு. 1950-ல் பத்தில் ஒரு வீட்டில்தான் டிவி இருந்தது, 1960-ல் பத்தில் எட்டு வீட்டுக்கு மேல். பிள்ளைகளுக்கு ஏற்றது என்ற நல்ல பெயரால் முத்திரை இல்லாமலே விற்ற டெல் கம்பெனியும் விலையை ஏற்றியபோது சரிந்தது. தணிக்கை செய்த பெரிய சேதம் நான் பார்க்கும் வரையில் வேறு: பெரியவர்கள் படிக்கக்கூடிய கதைகளுக்கான வாசலை அது முப்பது ஆண்டு அடைத்து வைத்தது. அதே காலத்தில் ஜப்பானிலும் பிரான்சிலும் வாசகர்கள் வளர வளரப் புத்தகங்களும் கூட வளர்ந்தன.

அதிகம் பேசப்படாத அடி 1957-ல் விழுந்தது. நாட்டின் மிகப்பெரிய பத்திரிகை விநியோக நிறுவனமான அமெரிக்கன் நியூஸ் கம்பெனி அந்த ஆண்டு தொழிலை நிறுத்திக்கொண்டது. பின்னாளில் மார்வெல் ஆன கம்பெனி அப்போது மார்ட்டின் குட்மேன் கையில் இருந்தது. தன் சொந்த விநியோகத்தை மூடிவிட்டு அமெரிக்கன் நியூஸை நம்பிப் போய்ச் சில மாதம்தான் ஆகியிருந்தது. போக்கிடமில்லாமல் அவர் போய் நின்றது போட்டியாளரான டிசி குடும்பத்துக்குச் சொந்தமான விநியோக நிறுவனத்தின் வாசலில். மாதம் எட்டு இதழ் மட்டும் என்று அவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். 60களில் ஸ்டேன் லீ, ஜேக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ சேர்ந்து ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஸ்பைடர்மேன், ஹல்க் என்று வரிசையாகக் கொடுத்த அந்தப் பொற்காலம் முழுவதும் எதிராளியின் லாரியில் இடம் கேட்டு நடந்தது. ஹல்க் ஆறு இதழோடு நின்றுபோனதற்கும், ஒரே இதழை இரண்டு ஹீரோக்கள் பங்குபோட்டுக்கொண்டதற்கும் இந்த இட நெருக்கடியும் ஒரு காரணம் என்பது பரவலான கருத்து.

1966-ல் பேட்மேன் டிவி தொடர் வந்தபோது பேட்மேன் இதழ் சராசரி ஒன்பது லட்சத்தை நெருங்கியது. டிவி காமிக்ஸைக் கொன்றது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். தொடர் நின்றதும் விற்பனை இறங்கியது உண்மைதான். அதற்குள் தெருமுனைக் கடைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஜனங்கள் புறநகருக்குக் குடிபோனார்கள், அங்கே சூப்பர் மார்க்கெட். பதினைந்து சென்ட் புத்தகத்துக்கு அங்கே இடம் கொடுக்க யாருக்கும் மனமில்லை. விற்காத பிரதிகளின் அட்டையைக் கிழித்து அனுப்பினால் பணம் கழித்துக்கொள்ளும் முறை ஒன்று இருந்தது. பிறகு அட்டையும் வேண்டாம், ‘இத்தனை அழித்துவிட்டோம்’ என்று கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். இதில் தில்லுமுல்லு நடந்தது, அழித்ததாகச் சொன்ன கட்டுகள் பின்வாசல் வழியாகச் சேகரிப்பாளர்களுக்குப் போயின என்று அந்தக் கால ஓவியர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு நடந்தது என்பதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் அன்சோல்ட் கணக்கு பார்த்தவன் என்ற முறையில், நடந்திருக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

70களில் தொழில் செத்துவிடும் என்றே உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்கள். காப்பாற்றியவர் ஃபில் சூலிங், புரூக்ளினில் பள்ளி ஆங்கில ஆசிரியர், காமிக்ஸ் கண்காட்சி நடத்துபவர். அவர் கம்பெனிகளிடம் வைத்த யோசனை எளிமையானது: எனக்குக் கமிஷன் அதிகம் கொடுங்கள், நான் ஒரு பிரதிகூடத் திருப்பித் தரமாட்டேன். பதிப்பாளனுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை உலகத்தில் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு ஏஜென்ட் இப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்போம். இந்த வழியில் காமிக்ஸ் மட்டுமே விற்கும் தனிக் கடைகள் நாடு முழுவதும் முளைத்தன. 1981-ல் மார்வெல் ‘டேஸ்லர்’ முதல் இதழை அந்தக் கடைகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தது, நாலு லட்சத்துக்கு மேல் போனது. விற்குமா விற்காதா என்ற கவலை போனதால் துணிச்சலான கதைகளும் வந்தன. 1986-ல் வந்த ‘வாட்ச்மென்’ இந்தக் கடைகள் இல்லாமல் பிறந்திருக்காது.

ஆனால் சூலிங்கின் யோசனையில் ஒரு முள் இருந்தது. விற்காத பிரதியின் நஷ்டம் பதிப்பாளரிடமிருந்து கடைக்காரர் தலைக்கு மாறிவிட்டது. அதோடு, காமிக்ஸ் வாங்க வேண்டும் என்றால் காமிக்ஸ் கடையைத் தேடிப் போக வேண்டும். தேடிப் போகிறவன் ஏற்கெனவே வாசகன். பால் வாங்கப் போன இடத்தில் ஒரு பிள்ளை கண்ணில் பட்டு அம்மாவிடம் அடம்பிடித்து வாங்கும் வழி மெல்ல அடைந்தது. சராசரி வாசகனின் வயது ஏறியது. கதைகளும் முப்பது வருட முன்கதை தெரிந்தவனுக்கு மட்டும் புரிகிற மாதிரி முடிச்சுப் போட்டுக்கொண்டன.

இனி உங்கள் சித்தப்பாவின் பெட்டிக்கு வருவோம். 80களின் கடைசியில், பழைய காமிக்ஸ் ஏலத்தில் பல்லாயிரம் டாலருக்குப் போகிறது என்ற செய்தி பரவியது. 1938 இதழுக்கு ஏன் அந்த விலை என்று யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள், போர்க்காலத்தில் பழைய காகிதம் சேகரித்தபோது எடைக்குப் போட்டார்கள், மிஞ்சியது சொற்பம். அதனால்தான் அந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் பிரதி ஒன்று 2024-ல் அறுபது லட்சம் டாலருக்குப் போனது. 90களில் வாங்கியவர்களோ ஆளுக்கு ஐந்து பத்து வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். கம்பெனிகளும் ஒரே இதழுக்கு ஐந்து அட்டை, மினுங்கும் அட்டை, உள்ளே சேகரிப்புச் சீட்டு என்று தூண்டிவிட்டன. 1991-ல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் எண்பது லட்சத்துக்கு மேல் ஆர்டர் ஆனது. இன்றுவரை அதுதான் உச்சம். எண்பது லட்சம் வாசகர் அன்றைக்கு அங்கே இல்லை. 1992 நவம்பரில் உங்கள் கறுப்பு உறை வந்தது, அதுவும் பல லட்சம். அடுத்த ஆண்டு சூப்பர்மேன் திரும்பி வரும் இதழைக் கடைக்காரர்கள் அதே கணக்கில் அள்ளி வாங்கினார்கள், தேங்கிவிட்டது. திருப்பித் தர முடியாது. அதே நேரத்தில், மார்வெலை விட்டு வெளியேறிய நட்சத்திர ஓவியர்கள் தொடங்கிய இமேஜ் கம்பெனியின் இதழ்கள், கடைக்காரர்களின் பணம் முடங்கிய நிலையில் மாதக்கணக்கில் தாமதமாக வந்தன. பத்தாயிரம் அளவில் இருந்த கடைகளில் பாதிக்கு மேல் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. சரியான எண்ணிக்கையில் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள், பாதிக்குக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை.

மார்வெல் அப்போது ரொனால்ட் பெரல்மேன் என்ற கோடீஸ்வரரிடம் இருந்தது. 1989-ல் 8.25 கோடி டாலருக்கு வாங்கியவர், கம்பெனியின் பெயரில் கடன் எழுப்பி விளையாட்டு வீரர் படம் போட்ட சேகரிப்புச் சீட்டுக் கம்பெனி, ஸ்டிக்கர் கம்பெனி என்று வாங்கிக் குவித்தார். 1994-ல் பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, சீட்டு வியாபாரமும் படுத்தது. இதற்கு நடுவே ஒரு விநியோக நிறுவனத்தையும் வாங்கி, 1995 முதல் எங்கள் இதழ் இந்த வழியில் மட்டும்தான் என்று அறிவித்தார்கள். எனக்குத் தெரிந்து பத்திரிகைத் தொழிலில் நடந்த பெரிய முட்டாள்தனங்களில் இது ஒன்று. பதறிய டிசியும் மற்றவர்களும் டைமண்ட் என்ற ஒரே விநியோகஸ்தரிடம் போய் ஒதுங்க, மற்ற விநியோகஸ்தர்கள் அழிந்தார்கள். 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு போட்டது. 1997-ல் அதுவும் டைமண்டிடமே வந்து சேர்ந்தது. ஒரு நாட்டின் ஒரு தொழில் முழுக்க ஒரே கிட்டங்கி வழியாகப் போனது. 2020-ல் கொரோனாவுக்காக டைமண்ட் லாரியை நிறுத்தியபோது அமெரிக்காவில் புதுக் காமிக்ஸே கிட்டத்தட்ட நின்றுபோனது. டிசி உடனே வெளியேறியது, மார்வெல் அடுத்த ஆண்டு. 2025 ஜனவரியில் டைமண்டும் திவால் மனு போட்டது.

அப்படியானால் படம் சம்பாதிப்பது? 2019-ல் ‘அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்’ உலகம் முழுவதும் சுமார் 280 கோடி டாலர் வசூலித்தது. அதே ஆண்டு வட அமெரிக்காவில் விற்ற எல்லாக் கம்பெனிக் காமிக்ஸும் சேர்த்து 120 கோடி சொச்சம். படம் பார்த்துவிட்டு வருகிறவன் கடைக்குப் போனால், எது முதல் இதழ் என்று தெரியாத இருபது தலைப்புகள் நிற்கின்றன. நாலு ஐந்து டாலர் கொடுத்து வாங்கினால் கால்மணி நேரத்தில் முடிகிற இருபது பக்கம். 1970-ல் இரண்டு லட்சம் அளவில்தான் விற்கிறது என்று எக்ஸ்-மென்னில் புதுக் கதையை நிறுத்தினார்கள். இப்போது ஒரு மாத இதழ் ஒரு லட்சத்தைத் தாண்டினாலே கொண்டாட்டம். உரிமை விஷயமும் இங்கேதான் வருகிறது: சீகல், ஷுஸ்டர் கதை தெரிந்த எழுத்தாளன் புதுப் பாத்திரத்தைப் பெரிய கம்பெனிக்குக் கொடுக்கமாட்டான், தன் பெயரில் வைத்துக்கொள்வான். ‘வாக்கிங் டெட்’ அப்படித்தான் இமேஜில் வந்தது. பெரிய கம்பெனிகளோ அறுபது எண்பது வயதான ஹீரோக்களையே திரும்பத் திரும்பச் சாகடித்து எழுப்பிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் ‘காமிக்ஸ் விற்கவில்லை’ என்ற உங்கள் வாக்கியத்தை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. 2021-ல் அந்த மொத்த விற்பனை 200 கோடி டாலரைத் தாண்டியது. விற்றதில் பெரும்பகுதி ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்காவும் சிறுவர் சித்திர நாவல்களும். டேவ் பில்கியின் ‘டாக் மேன்’ வரிசையில் 2019-ல் வந்த ஒரு புத்தகத்துக்கு முதல் அச்சே ஐம்பது லட்சம். ரெய்னா டெல்கெமையர் என்ற பெண் தன் பள்ளிப் பருவத்துப் பல் சிகிச்சையைக் கதையாக வரைந்தார், சிறுமிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். இவை சாதாரணப் புத்தகக் கடையிலும், பள்ளிப் புத்தகச் சந்தையிலும் விற்கின்றன. புத்தகக் கடையில் விற்காத பிரதியைத் திருப்பித் தரலாம். பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் வைத்ததும் பிள்ளைகள் வாங்கினார்கள். அந்த டிவியும் வீடியோ கேமும் கைப்பேசியும் இருக்கும்போதுதான்.

பெட்டியைப் பற்றி: முழுவதையும் ஒருமுறை இறக்கித் தேதி பாருங்கள். 1970-க்கு முந்தையது தப்பித்தவறி இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள், தெரிந்தவரிடம் காட்டாமல் விற்காதீர்கள். 1990 முதல் 1996 வரை உள்ளவற்றில் பெரும்பாலானவை அங்கேயே சில டாலருக்குக் கிடைப்பவை, தபால் செலவுக்குக் கட்டாது. கறுப்பு உறையைப் பிரித்துவிடுங்கள். கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புத் துணிப் பட்டை, ஒரு போஸ்டர், தபால்தலை மாதிரி ஒரு தாள், செய்தித்தாளில் வந்தது போல ஓர் இரங்கல் குறிப்பு எல்லாம் உள்ளே இருக்கும். கதையில் பக்கத்துக்கு ஒரே படம்தான், அடி, உதை, இடிந்து விழும் கட்டிடங்கள். பத்து நிமிடத்தில் படித்து முடித்துவிடலாம்.